ஏறிய இடம், இறங்கிய இடம்

கதவைத் திறந்த அம்மாள் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த படிவக் கட்டைத்தான் பார்த்தார். "நிவாரணமா?" என்றார். "இல்லைம்மா, கணக்கெடுப்பு" என்றதும் முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் உள்ளே கூப்பிட்டார். சுவரில் என் மார்பு உயரத்துக்கு வெள்ளம் நின்ற கோடு, அதற்குக் கீழே சுண்ணாம்பு ஊறி உப்பி, தொட்டால் உதிர்ந்துவிடும்போல இருந்தது. வீட்டில் காய்ந்திருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றார். நான் முதல் கேள்வியைப் படித்தேன். "ஆறாம் நம்பர் பஸ் நின்னுபோனதால உங்களுக்கு என்னென்ன நஷ்டம்?" அவர் திருப்பி என்னைக் கேட்டார். "அந்த டிரைவர் தம்பி நல்லா இருக்காரா? அவர் வீட்டுக்குள்ளயும் தண்ணி போயிடுச்சாமே?"

நன்றாகத்தான் இருக்கிறார். அவர் என் சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். முந்தின நாள் மாலைகூட எங்கள் மாமனார் வீட்டில் அவர் முழங்கால்வரை பேண்டை மடித்துவிட்டுச் சேறு வழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இதில் எதையும் நான் சொல்லவில்லை. "தெரியலைம்மா" என்றேன்.

வெள்ளம் வடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் நகராட்சியின் புள்ளிவிவரப் பிரிவில் இருக்கிறேன். ஒரு கட்டடம் இடிந்தால் அதன் மதிப்பை இன்ஜினியர்கள் சொல்லிவிடுவார்கள். ஓடாத பஸ், திறக்காத நூலகம், எரியாத தெருவிளக்கு இதெல்லாம் மக்களுக்கு எவ்வளவு பெறும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டும். மொத்தம் பதினோரு சேவைகள் நின்றுபோயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் வீடு வீடாகப் போய், நடந்து போகும் தூரம் எவ்வளவு, வீணாகும் நேரம் எவ்வளவு என்று கேட்டு, பெருக்கிக் கூட்டி ஒரு எண்ணைத் தர வேண்டும். எண் பெரிதாக வரும் முதல் மூன்று சேவைகள் உடனே சீரமைக்கப்படும். மற்றவை அடுத்த கட்டத்தில். எங்கள் அலுவலகத்தில் அடுத்த கட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

ஆறாம் நம்பர் ஊரின் தாழ்வான பகுதியைச் சுற்றி வருகிற வட்டப் பேருந்து. சந்தை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஆற்றோரம் என்று போய்க் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். ஒரு சுற்றுக்கு ஐம்பத்தைந்து நிமிடம். "பஸ் யார் எடுத்துக்கறீங்க?" என்று டைரக்டர் கேட்டபோது நான்தான் கையைத் தூக்கினேன். அதற்கு ஒரு உறுதிமொழித் தாள் உண்டு. இந்தச் சேவையில் உங்கள் உறவினர் எவரும் பணிபுரிகிறாரா என்று அதில் ஒரு கேள்வி. சகலை உறவினரா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆமாம் என்று எழுத என் பேனாவுக்கு மனம் வரவில்லை.

எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து அவர் எங்கள் குடும்பத்துக்குள் வந்தார். அதுவரை அந்த வீட்டில் நான் 'மாப்ள'. அவர் வந்த மறுநாளிலிருந்து 'பெரிய மாப்ள' ஆகிவிட்டேன். கேட்பவர்களுக்கு அது பதவி உயர்வு மாதிரி இருக்கும். எனக்கு மட்டும் என் நாற்காலியை யாரோ கொஞ்சம் தள்ளிப் போட்டதுபோல இருந்தது. நான் போனால் மாமனார் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். அவர் போனால் பனியனோடு, "வாங்க, அந்த ஃபேன் ஏதோ சத்தம் போடுது பாருங்க" என்பார். நான் இருக்கும்போது சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்கும். அவர் இருக்கும்போது சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் முதுகலை படித்தவன், அவர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். இதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனதுக்குள் சொல்லாமல் இருந்த நாளும் இல்லை.

வெள்ளம் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. யாரும் உத்தரவு போடவில்லை, அவராகவே டிப்போவிலிருந்து பஸ்ஸை எடுத்து ஆற்றோரத் தெருக்களுக்குள் விட்டிருக்கிறார். மூன்று நடை ஆட்களை ஏற்றி மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இறக்கியிருக்கிறார். நாலாவது நடையில் என்ஜினுக்குள் தண்ணீர் போய், டிப்போ வாசலிலேயே வண்டி நின்றுவிட்டது. மூன்றாவது நடையில் வந்தவர்களில் எங்கள் மாமனாரும் ஒருவர். அறுவை செய்த முழங்கால் அவருக்கு. வீட்டு வாசலிலிருந்து பஸ்வரைக்கும் சகலை அவரை முதுகில் சுமந்துகொண்டு போயிருக்கிறார். அதே நேரம் நான் அலுவலகத்தில் கீழ்த்தளத்துக் கோப்புகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். நாற்பது வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகள். நனைந்திருந்தால் ஊரில் பாதிப் பேர் பிறக்காதவர்களாகியிருப்பார்கள். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் டீ குடித்துக்கொண்டு அந்த மூன்று நடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "சின்ன மாப்ள என்னைக் கொழந்த மாதிரி தூக்கிட்டுப் போனாருங்க" என்று மாமனார் பக்கத்துப் பாயில் இருந்தவரிடம் சொன்னார். என்னைக் கண்டதும், "பெரிய மாப்ளைக்கு ஆபீஸ் வேலை" என்றார். அதில் குறையே இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நான் சகலையின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். நிஜமாகவே சொன்னேன். சொன்ன பிறகும் வாய்க்குள் ஏதோ கசந்துகொண்டே இருந்தது.

அந்தக் கசப்போடுதான் நாற்பது வீடு ஏறி இறங்கினேன். படிவத்தின் கடைசியில் 'இதர பயன்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. தூரத்திலும் நேரத்திலும் அடங்காத எதையும் அதில் எழுதலாம், அதற்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் கேட்ட வீட்டிலெல்லாம் சகலைதான் வந்தார். சலவைக்கூடத்தில் இரவுப் பணி பார்க்கும் பெண் பஸ்ஸிலேயே தூங்கிவிடுவாளாம், அவள் தெரு முனை வந்ததும் ரெண்டு தடவை ஹாரன் அடிப்பாராம். பார்வை இல்லாத டைப்ரைட்டிங் வாத்தியார் இறங்கும்போது, "சார், இன்னிக்கு நடைபாதை ஒரு சாண் பள்ளமா இருக்கு" என்று சொல்வாராம். பட்டறைக்காரர் மனைவி சாப்பாட்டுக் கேரியரை டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், அது பட்டறைக்குப் போய்விடும், மாலை காலி டப்பா திரும்பிவிடும். ஒரு கிழவருக்கு அந்த பஸ் போகும் சத்தம்தான் மாத்திரை போடுகிற நேரம். "இப்ப ரெண்டு வேளை மறந்துட்டேன் தம்பி" என்று சிரித்தார்.

இதெல்லாம் பஸ்ஸின் பயன் இல்லை, ஒரு ஆள் செய்த உதவி, ஆளுக்கு மதிப்புப் போடச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லை. இப்படி எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கத்தில் ஓட்டை ஏதும் இல்லை, யார் கேட்டாலும் நின்று பேசலாம். முதல் வீட்டில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. பத்தாவது வீட்டில் கேள்வியைப் படிக்கும்போதே எழுதத் தொடங்கிவிட்டேன். இருபதாவது வீட்டுக்கு மேல் அந்தக் கேள்வியைப் படிக்கவே இல்லை.

பஸ்ஸுக்கான கணக்கெடுப்பில் என்னோடு இன்னொருவரும் இருந்தார். ஐம்பது வயது அம்மாள். பதில் சொல்பவர் முன்னால் முதலில் பென்சிலால் எழுதி, படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே பேனாவால் மேலே எழுதுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பென்சில் என்று பெயர். என் தெரு அவர் பங்கில் இருந்தது. சொந்த வீட்டை நாமே எடுக்கக் கூடாது என்பது விதி, ஆகவே சீட்டுக் குலுக்கலில் என் வீடு விழுந்தபோதும் அவர்தான் போனார். விழுந்ததே எனக்குத் தெரியாது. ஒரு திங்கள்கிழமை காலை அவர் ஒரு படிவத்தை என் மேசையில் வைத்து, "இதை கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது சார்" என்றார்.

என் வீட்டு எண். என் மனைவியின் வயது. வாரத்தில் எத்தனை முறை: மூன்று. ஏறும் இடம்: எங்கள் தெரு முனை. இறங்கும் இடம்: எங்கள் தெரு முனை. பயண நேரம்: ஐம்பத்தைந்து நிமிடம். நோக்கம் என்ற இடத்தில் பென்சிலால் எதையோ எழுதி அழித்துவிட்டு, பேனாவால் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது.

"ஏறுற இடமும் எறங்குற இடமும் ஒண்ணா இருந்தா தூரம் சைபர்னு எடுத்துக்குது. மதிப்பும் சைபர். தப்பா எழுதிட்டேனோன்னு நினைக்காதீங்க. நான் ரெண்டு தடவை கேட்டேன். எங்கேம்மா எறங்குவீங்கன்னு கேட்டா, ஏறுன இடத்துலயேன்னாங்க."

இதர பயன்கள் என்ற கட்டத்தில் என் மனைவி சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். 'அந்த ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க.'

பதினாறு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். மதியம் நான் போன் செய்தால் சில நாள் எடுக்க மாட்டாள். குளித்துக்கொண்டிருந்தேன், மாடியில் துணி காயப்போட்டேன் என்பாள். அந்த நாட்களெல்லாம் வரிசையாக எழுந்து வந்து என் முன்னால் நின்றன. வாரத்தில் மூன்று நாள் அவருடைய பஸ்ஸில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊரைச் சுற்றியிருக்கிறாள். என்னிடம் அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. மனம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போயிற்று. போன இடங்களைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. "நான் பாத்துக்கறேன்" என்று படிவத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராக டிப்போவுக்குப் போனேன்.

சீட்டுகளையெல்லாம் கழற்றி வெயிலில் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். பார்த்தால் கூரையும் சுவரும் இல்லாமல் ஒரு பஸ் தரையில் நிற்பதுபோல இருந்தது. சகலை ஒரு சீட்டின் அடியில் படிந்திருந்த வண்டலைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பேண்டில் துடைத்தார்.

"வாங்கண்ணே. டீ சொல்லவா?"

"வேண்டாம். என் வீட்டுக்காரி உங்க பஸ்ல வர்றதுண்டா?"

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். "வருவாங்கண்ணே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அக்காவே சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். அப்புறம் சொல்லலைன்னு தெரிஞ்சுது. சரி, சொல்ல வேண்டாம்னு இருக்காங்கபோலன்னு விட்டுட்டேன். பஸ்ல ஏறிட்டா எல்லாரும் பயணிதானேண்ணே."

"என்ன பேசுவீங்க?"

"ஒண்ணும் பேச மாட்டோம். நாலாவது சீட்டு, ஜன்னலோரம். ஏறும்போது ஒரு தலையாட்டல், எறங்கும்போது ஒரு தலையாட்டல். அவ்வளவுதான்." சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "ஒருநாள் அழுதுட்டு இருந்தாங்க. உள்கண்ணாடில தெரிஞ்சுது. கண்ணாடியை மேல பாத்து திருப்பி வச்சுட்டேன்."

"என்னைக்கு?"

"மழைக்கு ஒரு மாசம் முன்ன இருக்கும்."

"என்னாச்சுன்னு கேக்கலையா?"

"கேட்டா மறுநாள் ஏற மாட்டாங்களேண்ணே."

அடித்துவிடலாம்போல இருந்தது. எதற்காக அடிப்பது என்றும் தெரியவில்லை. அவர் ஏதாவது தப்புச் செய்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பதே அப்போதுதான் எனக்கு விளங்கியது. செய்திருந்தால் என் பக்கம் நியாயம் வந்திருக்கும். அந்தச் சாயந்திரம் வீடு திரும்பும் வழியெல்லாம், மழைக்கு ஒரு மாதம் முன்னால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நினைவைக் கிளறிக்கொண்டே போனேன். ஒரு நாளும் அகப்படவில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தன. சாப்பிட்டோம், பிள்ளைகளைத் திட்டினோம், தூங்கினோம்.

அவள் தன் அப்பா வீட்டிலிருந்து வந்த பத்திரங்களைத் தாள் தாளாகப் பிரித்து, மேலே துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஈரம் எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மாடியில் இருந்தார்கள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"பஸ்ல எங்க போற நீ?"

"ஆபீஸ்ல படிச்சிட்டீங்களா?" நிமிரவில்லை. "எங்கயும் போகல."

"வீட்டுலயே உக்காந்திருக்கலாமே."

"வீட்டுல உக்காந்தா, சும்மாதான இருக்க, அந்த மஞ்சள் ஃபைல் அலமாரில இருக்கா பாருன்னு நீங்க போன் பண்ணுவீங்க."

அவள் குரலில் கோபமே இல்லை, இருக்கிற விஷயத்தைச் சொல்கிற குரல். நான் கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "ஒருநாள் அழுதியாமே."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "அவர் சொன்னாரா? பாத்துட்டாரா?"

"கண்ணாடியைத் திருப்பி வச்சுட்டாராம்."

அது அவளுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. மெல்லச் சிரித்தாள். நான் வாங்கிக் கொடுத்த எதற்கும், நான் சொன்ன எந்த வார்த்தைக்கும் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அவர் கொடுத்தது, கொண்டுவந்து சேர்த்தது நான். பட்டறைக்காரரின் சாப்பாட்டுக் கேரியர் மாதிரி. ஏன் அழுதாய் என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்காததை நான் கேட்டால் அவரைவிடச் சின்னவனாகிவிடுவேனோ என்று ஒரு பயம் வந்து வாயை மூடிவிட்டது.

அவளே பேசினாள். "பஸ்ஸுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"இன்னும் முடியல."

"முதல் மூணுக்குள்ள வந்துடுமா?"

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

மறுநாள் அலுவலகத்தில் பென்சிலம்மாவிடம் நானாகவே போய், "அந்த டிரைவர் என் சகலை" என்றேன். "தெரியும் சார், உங்க வீட்டம்மா சொன்னாங்க" என்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் நாப்பது வீட்டுலயும் கடைசிக் கட்டம் நிரம்பி வழியுது, பின்பக்கமெல்லாம் எழுதி வச்சிருக்கேன். உங்க நாப்பதுலயும் 'இல்லை'. கம்ப்யூட்டர்ல ஏத்துனது நான்தான். ஒரு வீட்டுலகூடவா சார் இருக்காது?" அவர் மேசை இழுப்பறையைத் திறந்து வெற்றுப் படிவக் கட்டு ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "வியாழக்கெழமைதான் கடைசி நாள்."

இரண்டு நாளில் நாற்பது வீட்டுக்கும் மறுபடி போனேன். "ஒரு கேள்வி விட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே நின்று கேட்டேன். முன்பு சொன்னதையே சொன்னார்கள், கூடவும் சொன்னார்கள். ஹாரன், பள்ளம், கேரியர், மாத்திரை, எல்லாவற்றையும் எழுதினேன். எழுதுவதால் மனம் லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு வரியும் அவருக்கு நான் என் கையால் கட்டுகிற மாலை மாதிரி இருந்தது. சில வீடுகளில் வேண்டுமென்றே எழுத்தைக் கிறுக்கலாக்கினேன், பிறகு வெட்கப்பட்டுத் திருத்தினேன். உறுதிமொழித் தாளையும் அடித்து எழுதிக் கொடுத்தேன். டைரக்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் நான் வேறு பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மிச்சம் இருந்தது என் வீட்டுப் படிவம். கம்ப்யூட்டர் காட்டுகிற சிவப்புக் கட்டத்தைத் தாண்ட வேண்டுமானால் கையால் ஒரு மதிப்பைப் போட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். ஓய்வு நேரத்துக்கு எங்களிடம் ஒரு விகிதம் இருக்கிறது, மிகக் குறைவானது. அந்த விகிதத்தில் ஐம்பத்தைந்து நிமிடத்தை மூன்றால் பெருக்கிப் போட்டேன். காரணம் என்ற இடத்தில், 'பயணிக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை' என்று எழுதினேன். டைரக்டர் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'விளக்கம் தேவை' என்று திருப்பி அனுப்பினார். விளக்கம் என்னிடம் இல்லை.

பட்டியல் இன்னும் வரவில்லை. மருத்துவமனையும் குடிநீரும் முதலிரண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது இடத்துக்கு பஸ்ஸும் தெருவிளக்கும் முட்டி மோதிக்கொண்டிருப்பதாகப் பென்சிலம்மா சொன்னார். ஒரு நாள் பஸ்ஸின் எண் பெரியது, மறுநாள் தெருவிளக்கினுடையது. நான் முதலிலேயே ஒழுங்காக எழுதியிருந்தால் இவ்வளவு இழுபறி இருந்திருக்காதோ என்னவோ, அதுவும் தெரியவில்லை.

நேற்று மதியம் மூன்றரை மணிக்கு எங்கள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேலையாக வந்திருந்தேன். தூரத்தில் கனமான வண்டிச் சத்தம் கேட்டது. டிப்போ மெக்கானிக்குகள் என்ஜினை எப்படியோ கிளப்பியிருக்கிறார்கள், சோதனை ஓட்டம். முன்கண்ணாடியில் 'பயணிகளுக்கு அல்ல' என்று தாள் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு சீட்டுகூட இல்லை, ஒரு பக்கத்து ஜன்னல் வழியாக மறுபக்கத்து வீடுகள் தெரிந்தன. சகலை நேரே பார்த்தபடி மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். எங்கள் கதவும் திறந்தது. அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே படியில் இறங்கி வந்தாள். கையசைக்கவில்லை. பஸ் எங்கள் முனையில் வழக்கம்போல ஒரு கணம் நின்றது, கதவு திறந்து மூடியது, நகர்ந்துவிட்டது.

எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். அவள் மட்டும் அங்கேயே நின்றாள். கழுவிய வண்டியிலிருந்து வழிந்த தண்ணீர் சாலையில் இரண்டு கோடாகக் கிடந்தது. வெயில் நல்ல வெயில். முதலில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோடு அங்கங்கே அறுந்து துண்டு துண்டாகி மறைந்தது. மற்றக் கோடு மரத்தின் நிழலில் இருந்ததால் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அவள் கவனிக்கவில்லை. சாலையைக் கடந்தால் பத்தடி. நான் அந்த ஈரம் முழுசாகக் காயும்வரை எதிர்ப்பக்கத்திலேயே நின்றேன்.